மூளை அலைகள்: வழிகாட்டியா, தீர்ப்பா?

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டவரின் கட்டிலருகே நிற்கும் குடும்பத்தினர், “உயிருக்கு ஆபத்து இல்லையே?” என்றுதான் மருத்துவரிடம் முதலில் கேட்பர். அடுத்து, “கை கால் பழையபடி இயங்குமா?” என்ற கேள்வி எழும். இரண்டாம் கேள்விக்கு உறுதியான விடை கூறுவது அனுபவமிக்க மருத்துவருக்கும் எளிதன்று. அந்த விடையைத் தேட மூளை அலைப் பதிவு உதவுமா என்பது இப்போது ஆராயப்பட்டு வருகிறது.

மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. உயிர்வளி கிடைக்காத மூளை உயிரணுக்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. ஆயினும், எஞ்சியுள்ள உயிரணுக்கள் தமக்குள் புதிய இணைப்புகளை உருவாக்கி, இழந்த வேலையை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. இந்தச் சீரமைப்பு முதல் சில வாரங்களிலும் மாதங்களிலும்தான் விரைவாக நடைபெறுகிறது. எனவே, அக்காலத்தில் அளிக்கப்படும் பயிற்சி மிகவும் இன்றியமையாதது.

மனித மூளையின் மின்னலைகளை 1924-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலாகப் பதிவு செய்தார். இன்று தலையில் சிறிய மின்முனைகளைப் பொருத்தி, வலியின்றி, நோயாளியின் கட்டிலருகிலேயே அப்பதிவை எடுத்துவிடலாம். கண்களை மூடி அமைதியாக விழித்திருப்பவரிடம் வினாடிக்கு 8 முதல் 13 முறை எழும் ஆல்ஃபா அலைகள் தெளிவாகத் தெரியும். வினாடிக்கு 4 முறைக்கும் குறைவாக எழும் டெல்டா அலைகள் ஆழ்ந்த உறக்கத்திற்கு உரியவை. பக்கவாதத்திற்குப் பின், விழித்திருக்கும்போதே டெல்டா மிகுந்து ஆல்ஃபா குறைவதுண்டு. இம்மாற்றம் பெரிதாக உள்ளவர்கள் பெரும்பாலும் குறைவாகவே தேறுகின்றனர் என ஆய்வுகள் காட்டுகின்றன.

இத்தகைய முன்கணிப்பு தேவையான ஒன்றே. “கையைத் தூக்குங்கள்” என்றால் புரிந்துகொள்ளவோ பதில் கூறவோ இயலாத நோயாளிகள் பலர். அவர்களின் வாய் பேசாவிட்டாலும் மூளை அலைகள் பேசும். கை மீண்டும் இயங்க வாய்ப்புள்ளவருக்கு அக்கைக்கே தீவிரப் பயிற்சி அளிக்கலாம். வாய்ப்புக் குறைந்தவருக்கு மறு கையால் உண்ணவும் உடுத்தவும் சேர்த்தே கற்றுக்கொடுக்கலாம். குடும்பத்தினரும் வீட்டில் கைப்பிடி, சக்கர நாற்காலி போன்ற வசதிகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யலாம்.

எனினும், முன்கணிப்பு என்பது வாய்ப்பைச் சொல்வதே தவிர, முடிவைச் சொல்வதன்று. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்று, அலைப் பதிவின்றி, நோயாளிகளின் கை அசைவை மட்டும் கவனித்தது. இரண்டாம் நாளில் விரலை நீட்டவும் தோளை அசைத்துக் கையை விலக்கவும் ஓரளவு முடிந்தவர்கள், 6 மாதங்களில் சிறிதேனும் கைத்திறன் பெறும் வாய்ப்பு 98 விழுக்காடு. இரண்டுமே முடியாதவர்களுக்கோ 25 விழுக்காடு. அதாவது, கை அசையாமல் கிடந்தவர்களிலும் நால்வரில் ஒருவர் தேற இடமிருந்தது. மூளை அலைக் கணிப்பும் பிழைபடக்கூடியதே. தூக்கக் கலக்கமும் சில மருந்துகளும்கூட அலைகளை மாற்றிவிடும்.

“இவர் தேறமாட்டார்” என்று கருதி ஒருவருக்குப் பயிற்சியைக் குறைத்தால், அவர் தேறாமலே போகலாம். பிறகு, கணிப்பு சரியாக இருந்தது என்று எல்லாரும் நம்பிவிடுவர். உண்மையில் அவரைத் தோற்கடித்தது அவரது மூளையா, கிடைக்காத பயிற்சியா என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். படுக்கைகளும் இயன்முறை மருத்துவர்களும் போதாத மருத்துவமனைகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

ஆகவே, மூளை அலைப் பதிவு எத்தகைய பயிற்சி தேவை என்பதை முடிவுசெய்யப் பயன்பட வேண்டும். எவருக்குப் பயிற்சி வேண்டாம் என்று ஒதுக்கப் பயன்படக் கூடாது. ஒரு முறை எடுத்த பதிவோடு நின்றுவிடாமல், சில வாரங்கள் கழித்து மீண்டும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். வானிலை அறிக்கை மழை வரும் என்றால் குடை எடுத்துச் செல்வது அறிவுடைமை. பயணத்தையே கைவிடுவது அறிவுடைமை ஆகாது.