சொல்லைக் கேட்டு வரையும் பொறி

கைபேசியில் ஒரு வாக்கியத்தை எழுதினால் ஓரிரு நிமிடங்களில் வண்ணப்படம் ஒன்று வந்து நிற்கும் காலம் இது. ‘செயற்கை நுண்ணறிவு’ என்னும் பெயரைக் கேட்டே அஞ்சியவர்களும் இன்று அதனிடம் படம் கேட்கத் தொடங்கிவிட்டனர். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் எனப் புறநகர்ப் பங்குகளிலுள்ள பெற்றோர் பலர், இதனை எவ்வாறு தொடங்குவது, பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா, கோவில் காரியங்களுக்கு ஆகுமா என்று நம்மிடம் கேட்கின்றனர். இம்மாதம் இப்பகுதியை அதற்கே ஒதுக்குகிறோம்.

தொடங்குவதற்கு ஓவியப் பயிற்சி வேண்டுவதில்லை. சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைக் கைபேசியில் திறந்து, வேண்டிய படத்தைச் சொற்களால் எழுதிக் கேட்டால் போதும். ஓரளவு எண்ணிக்கை வரை கட்டணமும் இல்லை. தமிழிலேயே எழுதலாம். அவ்வாறு எழுதும் வாசகத்தை இளைஞர்கள் ‘பிராம்ப்ட்’ என்கின்றனர். 13 வயது நிரம்பாதோர் சாட்ஜிபிடியைப் பயன்படுத்த அந்நிறுவனத்தின் விதியே இடங்கொடுப்பதில்லை. 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவு வேண்டும். எனவே சிறுவர்கள் தாய் தந்தையருடன் அமர்ந்து செய்வதே முறை.

இப்பொறி எவ்வாறு வரைகிறது என்பதைச் சற்று அறிந்துகொள்வது நலம். அது எந்தப் படத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றைப் பற்றிய விளக்கங்களையும் காட்டி அதனைப் பழக்கியிருக்கின்றனர். தெளிவான படத்தின்மேல் புள்ளிகளைச் சிறிது சிறிதாகத் தூவி அதனை அழிப்பர். பின்னர் அழிந்ததைத் தெளிவாக்கக் கற்பிப்பர். முற்காலத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சிகள் முடிந்தபின் திரை முழுவதும் இரைந்த வெண்புள்ளிகளை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். படப்பொறிகளுள் பல அத்தகைய புள்ளிக் குழப்பத்தில் தொடங்கி, நம் சொற்களை வழிகாட்டியாகக் கொண்டு, படிப்படியாக உருவத்தைக் கொணர்கின்றன. மார்கழிக் காலையில் ஜி.எஸ்.டி. சாலையில் பனி விலக விலக எதிரே வரும் பேருந்து புலனாவதைப் போன்றது இது. ஆனால் பனிக்குள் பேருந்து மெய்யாகவே இருந்தது. இங்கே புள்ளிகளுக்குள் ஒன்றுமே இல்லை. முன்பு கண்ட படங்களைக் கொண்டு, இருக்கக்கூடியது எதுவோ அதனைப் பொறி இட்டு நிரப்புகிறது. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால் இதன் சிறப்பும் இடரும் ஒருங்கே விளங்கும்.

‘இயேசு பிறப்பு’ என்று இரண்டே சொற்களைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மேலைநாட்டு முகங்களும், அந்நாட்டு ஓவியங்களின் சாயலுமே வரும். அது பார்த்துப் பழகியவற்றுள் அவையே மிகுதி. ஆகவே நமக்குத் தெரிந்ததை நாம்தான் சொல்லவேண்டும். இப்படி எழுதலாம்: ‘மாலை நேரம். ஏரிக்கரையில் பனையோலை வேய்ந்த மாட்டுக்கொட்டில். நூல்சேலை உடுத்த கருநிறத் தமிழ்த் தாய் வைக்கோல்மேல் அமர்ந்து, துணியில் பொதிந்த குழந்தையை மடியில் வைத்திருக்கிறாள். வேட்டி கட்டிய தச்சர் அரிக்கேன் விளக்கைப் பிடித்து நிற்கிறார். பின்னே தாழ்ந்த பாறைக்குன்று. நீர்வண்ண ஓவியம். எழுத்து எதுவும் வேண்டாம்.’ யார், எங்கே, எந்நேரம், எவ்வகை ஓவியம் என்பன இதில் அடங்கிவிட்டன. வந்த படத்தில் குறையிருப்பின் எல்லாவற்றையும் மாற்றி எழுதாமல், ‘விளக்கொளியை மட்டும் குறைத்துக் கொடு, மற்றவை அப்படியே இருக்கட்டும்’ என ஒன்றொன்றாகத் திருத்துவது நல்லது. விரல்களையும் மாட்டின் கால்களையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். இப்பொறிகள் முன்னைவிடத் தேறியிருப்பினும் எண்ணிக்கையில் இடறுவது உண்டு.

ஆண்டவரையும் அன்னையையும் நம் ஊர்க் கோலத்தில் வரையலாமா என்று சிலர் ஐயுறுவர். வேளாங்கண்ணி அன்னைக்குச் சேலை சாத்தியே வணங்கிவரும் நமக்கு அந்த ஐயம் எழ வேண்டியதில்லை. பரங்கிமலை ஆலயத்தில் புனித லூக்கா தீட்டியதென மரபு கூறும் அன்னையின் படம் இருக்கிறது. அங்கு முழந்தாளிடுவோர் பலகையையும் வண்ணத்தையும் வணங்குவதில்லை. படத்திற்குச் செலுத்தும் வணக்கம் அது குறிக்கும் ஆளையே சென்றடையும் என்று கி.பி. 787-ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயாப் பொதுச்சங்கம் தெளிவாக்கியது. மறைக்கல்வி வகுப்பில் உவமைகளை விளக்கவும், திருவருகைக் காலத்தில் பிள்ளைகளைக் கதை சொல்ல வைக்கவும் பொறியின் படங்கள் பெரிதும் உதவும். பீடத்தில் வைத்து வணங்குதற்கோ, செபித்துக்கொண்டே வரைந்த ஒரு மனிதனின் கைவண்ணமே நமக்குப் பிடித்தமானது. இது நம் கருத்து, மாறுபடுவோரும் இருக்கலாம்.

தமிழ் எழுத்தைப் பொறியிடம் ஒப்படைக்காதீர்கள். கொம்பும் காலும் இடம் மாறி, எம்மொழியிலும் இல்லாத எழுத்துகள் பல வேளைகளில் தோன்றிவிடுகின்றன. படத்தை மட்டும் பெற்று, திருவிழா அழைப்பின் சொற்களை வேறு செயலியில் நாமே தட்டெழுதிச் சேர்ப்பதே நல்லது. பாதுகாவலர் பெயரிலேயே பிழையோடு அச்சான அழைப்பிதழை வீடு வீடாக யார் கொண்டுபோய்க் கொடுப்பது?

அடுத்து, பல குடும்பங்கள் ஆவலோடு நாடும் ஒரு பயன்பாடு. சுவரில் மங்கிப்போன தாத்தாவின் படம், திருமணத்தன்று எடுத்து ஈரம் பட்டு உதிர்ந்த படம். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கத்து வீடுகளுள் புகுந்த நீர் எத்தனை இல்லங்களின் ஆல்பங்களைக் கொண்டுபோயிற்று! மிஞ்சியதைப் பொறியிடம் கொடுத்துப் பழுது நீக்கச் சொன்னால் கண் சிமிட்டும் நேரத்தில் பளபளவென்று திருப்பித் தருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் உற்றுப் பாருங்கள். கறை மறைத்த கண்ணைப் பொறி கண்டதே இல்லை. வேறு ஆயிரம் கண்களைப் பார்த்த பழக்கத்தால் ஒரு கண்ணை வைத்திருக்கிறது. தாத்தாவின் நெற்றித் தழும்பு குறையென்று கருதப்பட்டு மறைந்திருக்கலாம். முன்பற்களின் இடைவெளி சீராகியிருக்கலாம். அவரை நேரில் கண்டறியாத பேரப்பிள்ளைகள் இனி அந்த முகத்தையே தாத்தா என்று நம்புவர். அவரைக் கண்டவர்கள் மறைந்தபின் ‘இது அவரன்று’ எனச் சொல்ல ஒருவரும் இரார். ஆகவே கறையோடு கூடிய மூலப்படத்தை முதலில் அப்படியே ஸ்கேன் செய்து காத்துக்கொள்ளுங்கள். கீறலையும் மங்கலையும் மட்டும் நீக்கி, முகத்தைத் தொடாதிருக்கச் சொல்லுங்கள். வந்ததைப் பாட்டியிடமோ அத்தையிடமோ காட்டிக் கேளுங்கள். அவர்கள் சற்றே தயங்கினாலும் அப்படத்தை விட்டுவிடுவதே நல்லது.

மறைந்தோரைப் புதிதாகத் தோன்றச் செய்வது இதனினும் ஒரு படி மேற்பட்டது. 2018-இல் மறைந்த முன்னாள் முதல்வர் கருணாநிதி அவர்கள், 2024 ஜனவரியில் டி.ஆர். பாலு அவர்களின் தன்வரலாற்று நூல் வெளியீட்டின்போது திரையில் தோன்றி வாழ்த்தியதை நாடே பார்த்தது. அதே ஆண்டு, மறைந்த நடிகர் விஜயகாந்த் அவர்களை அவர்தம் குடும்பத்தாரின் இசைவுடன் ஒரு திரைப்படத்தில் தோன்றச் செய்தனர். இன்று தந்தையை இழந்த மணமகளின் அருகில் தந்தை நிற்பதுபோல் படம் செய்து தருகின்றனர். கண்ணீரோடு அதனை ஏற்போரை நாம் பழிக்க மாட்டோம். எனினும் தாயும் உடன்பிறந்தோரும் அறியாமல், வியப்பூட்டும் பரிசாக அதனைத் திருமண மேடையில் திடீரெனக் காட்டுவது வேண்டாம். ஒருவருக்கு ஆறுதலாவது மற்றொருவருக்கு ஆறிய புண்ணைக் கீறுவதாகிவிடும்.

உயிரோடிருப்போரின் முகத்திற்கும் இசைவு வேண்டும். 2025 செப்டம்பரில், தம் படத்தைக் கொடுத்துப் பழைய திரைப்பட நாயகியர்போல் சேலையுடுத்த உருவத்தைப் பெறும் வழக்கம் நாடெங்கும் பரவியபோது, முகப்படங்களை எங்கெல்லாம் பதிவேற்றுகிறோம் என எச்சரிக்கையாயிருக்கக் காவல்துறை அதிகாரிகளே அறிவுறுத்தினர். தம் படத்தைத் தாம் கொடுப்பது ஒருபுறமிருக்க, முதல் நற்கருணை வகுப்பின் குழுப்படத்தை எடுத்து ஊரார் பிள்ளைகளின் முகங்களையெல்லாம் பொறிக்குக் கொடுக்க நமக்கு என்ன உரிமை?

2023 மார்ச்சில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் பருத்த வெண்ணிற மேலங்கி அணிந்து நடப்பது போன்ற படம் உலகெங்கும் பரவியது. மிட்ஜர்னி என்னும் பொறி வரைந்த அதனைப் புகைப்படம் என்றே பலர் நம்பினர். 2024-ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில், இத்தகைய போலிப் படங்களுக்குத் தாமும் இலக்கானதைத் திருத்தந்தையே குறிப்பிட்டார். இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியோ நம் பெருங்களத்தூரிலேயே நடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சாலையைக் கடந்து செல்லும் முதலையின் காணொளி கைக்குக் கை பரவிற்று. அது மெய். நீர் பெருகியதால் முதலை வெளிவந்தது என்று அரசுச் செயலாளர் ஒருவரே விளக்கி, மக்கள் அஞ்ச வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். வேடிக்கைக்கென்று ஏரி உடைந்ததுபோலவும் சாலையில் முதலை ஊர்வதுபோலவும் நம் பிள்ளைகள் படம் செய்து குழுக்களில் அனுப்பிப் பழகினால், அடுத்த மழையில் மெய்யான எச்சரிக்கையை யார் நம்புவர்? ஆகவே எந்தப் படமானாலும் அடியில் ‘செயற்கை நுண்ணறிவால் வரைந்தது’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். ஜெமினி தன் படங்களில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளத்தைப் பதித்தே தருகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் படத்தைப் பெறும் பாட்டிக்கு அது புலப்படாது.

அச்சிடுவோருக்கு ஒரு சொல். பொறி தரும் படம் பல சமயங்களில் பக்கத்திற்கு 1024 புள்ளிகள் அளவினதே. அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்னும் அச்சகக் கணக்கில் மூன்றரை அங்குலத்திற்குள்தான் அது கூர்மையாக வரும்; அழைப்பிதழுக்குப் போதும். சாலையோரப் பேனருக்கு வேண்டாம். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து இளம்பெண் ஒருவர் உயிரிழந்ததை நம் பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். ஏ4 தாளில் எடுத்துக் கோவில் வாயிலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், இரண்டடி தள்ளி நின்று பார்ப்போருக்கு அது நன்றாகவே தெரியும்.