காற்றிடம் கடன் வாங்காதே!

செட்டிநாட்டில் கடல் கிடையாது. காரைக்குடியில் இருக்கிறவர் கடலைப் பார்க்க வேண்டும் என்றால் தேவகோட்டை தாண்டி தொண்டி வரைக்கும் போக வேண்டும். ஆனாலும் இங்கே இருக்கிற பெரிய வீடுகளின் பர்மா தேக்குத் தூண்களைத் தட்டினால் கடல் கதைதான் கேட்கும். தொழிலுக்காக ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பல் ஏறியவர்களின் ஊர் இது.

அப்படிப்பட்ட ஊர்க்காரர்களிடம் ஒரு கேள்வி. பலத்த காற்றில், சின்னஞ்சிறு கட்டமரானில், தன்னந்தனியாகப் பாய் விரித்துப் போகிற ஒருவனை என்னவென்று சொல்வீர்கள்? வீரன் என்றா, கிறுக்கன் என்றா? இரண்டுமே சரியில்லை. அவன் பாதியாவது கணக்குப்பிள்ளையாக இருந்தால்தான் கரை திரும்புவான்.

முதலில் பெயர் விஷயம். 'கட்டமரான்' என்கிற ஆங்கிலச் சொல் நம்முடைய கட்டுமரத்தில் இருந்து போனதுதான். சோழமண்டலக் கரையில் பார்த்ததை வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். ஆனால் பெயர்தான் நம்முடையது, பொருள் வேறு. நம் கட்டுமரம் என்பது கயிற்றால் சேர்த்துக் கட்டிய மரத் துண்டுகள். அலை ஏறினால் தண்ணீர் இடுக்கு வழியாக வடிந்துவிடும், மூழ்கவும் செய்யாது. இன்றைய கட்டமரான் இரண்டு ஒல்லியான படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இணைத்தது. இந்த வடிவத்துக்கு மூதாதையர் பசிபிக் தீவுக்காரர்கள். ஆகவே, "எங்கள் தாத்தா கண்டுபிடித்தது, எங்களுக்குத் தெரியாதா?" என்று யாரும் கிளம்ப வேண்டாம்!

இந்த இரட்டைப் படகின் குணம் விசித்திரமானது. அகலம் அதிகம் என்பதால் லேசில் சாயாது. ஆனால் ஓர் அளவைத் தாண்டிச் சாய்ந்துவிட்டால் நிமிரவும் நிமிராது. தலைகீழாகக் கிடப்பதிலும் அதற்கு அதே உறுதி!

இங்கேதான் கணக்கு வருகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய் மீது விழும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். மீனவர்களுக்கு வானிலை ஆய்வு மையம் எச்சரிக்கை விடும்போது மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகம் என்று அடிக்கடி சொல்வதைக் கேட்டிருப்போம். 20 கி.மீ. காற்றோடு ஒப்பிட்டால் 50 கி.மீ. காற்றுக்கு ஆறு மடங்குக்கும் மேல் பலம். கூட்டு வட்டி தெரிந்த ஊருக்கு இதை விளக்கவா வேண்டும்?

காற்று கூடுகிறது, சரி. அதை எதிர்த்து நிற்கிற எடை? இரண்டு பேர் போனால் இருவரும் காற்று வரும் பக்கம் தொங்கி நின்று படகைச் சமன் செய்யலாம். ஒற்றை ஆளிடம் இருப்பது 60, 65 கிலோ உடம்பு மட்டும்தான். உலகம் முழுக்கப் பிரபலமான 'ஹோபி 16' படகின் எடையே சுமார் 145 கிலோ. கவிழ்ந்த பிறகு மேலே நிற்கிற படகின் மீது கயிறு போட்டு, பின்னால் சாய்ந்து தொங்கி அதை நிமிர்த்த வேண்டும். அதற்கு ஒருவர் எடை பல நேரம் போதாது. நிமிர்ந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. கையில் பிடி இல்லாவிட்டால் ஆளை விட்டுவிட்டுப் படகு மட்டும் போய்விடும். நீந்திப் பிடிக்கிற வேகமா அது?

இதெல்லாம் முடியாத காரியம் என்று சொல்ல வரவில்லை. இவான் பூர்ஞோன் என்கிற பிரெஞ்சு-சுவிஸ் மாலுமி, அறையே இல்லாத 6.3 மீட்டர் கட்டமரானில் 2013-ல் புறப்பட்டு 2015-ல் தனியாக உலகத்தைச் சுற்றி முடித்தார். நடுவில் 2014-ல் இலங்கைக் கரையில் மோதிப் படகு நொறுங்கியது. மறுபடி படகு தயார் செய்துதான் பயணத்தைத் தொடர்ந்தார். கைதேர்ந்த ஆளுக்கே இந்தக் கதி என்றால், ரெண்டு வார வகுப்பு முடித்தவர் எத்தனை யோசிக்க வேண்டும்?

சென்னையின் நேத்ரா குமணன் 2021-ல் ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். அவர் ஓட்டியதும் ஒற்றை ஆள் படகு. ஆனால் பந்தயத்தில் பாதுகாப்புப் படகுகள் பக்கத்திலேயே நிற்கும். காற்று எல்லை மீறினால் ஓட்டத்தையே தள்ளி வைப்பார்கள். தனியாகப் போகிறவனுக்கு அந்த முடிவை எடுக்க அவனைத் தவிர யாரும் கிடையாது.

காமர்ஸ் நண்பர்களுக்கு இன்னொரு விஷயம். 1963-ம் வருடத்துக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் 'கடல் ஆபத்து' என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. தற்செயலான விபத்துதான் அதில் சேரும். காற்றும் அலையும் வழக்கமாகச் செய்கிற வேலை அதில் சேராது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற வரிதான், ஆனால் எவ்வளவு பெரிய உண்மை! காற்று அடிப்பது விபத்து அல்ல. அது முன்கூட்டியே தெரிந்த செலவு. அதற்கு ஒதுக்கீடு செய்யாமல் கிளம்பிவிட்டு அப்புறம் விதியைத் திட்டிப் பயனில்லை.

ஒதுக்கீடு என்றால் என்ன? உயிர்காப்பு மேலங்கி. பாயின் பரப்பைக் கரையிலேயே குறைப்பது. கவிழ்த்து நிமிர்த்துகிற பயிற்சியைக் காற்று குறைந்த நாளில், ஆள் துணையோடு செய்து பார்ப்பது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. கடலோரக் காவல் படையின் 1554 எண்ணைத் தெரிந்து வைத்திருப்பது. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று அடிக்கிற நாளில் கிளம்பாமல் இருப்பது. ஏனென்றால் அந்தக் காற்று போகும்போது தள்ளிவிடும், வரும்போது விடாது.

வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று திசைக்கு ஒரு பெயர் வைத்த மொழி இது. பெயர் வைத்தவன் ரசிகன் மட்டும் இல்லை. எந்தக் காற்றில் போகலாம், எதில் போகக் கூடாது என்று பார்த்துப் பிழைத்தவனும்தான். கட்டுமரம் என்கிற சொல் உலகம் சுற்றியதில் பெருமைப்படுவோம், தப்பில்லை. கூடவே அந்தக் கட்டுமரக்காரர் கரையில் உட்கார்ந்து, காற்றைப் பார்த்து, "இன்னைக்கு வேணாம்" என்று மரத்தை மேலே இழுத்துப் போட்ட புத்தியையும் கற்றுக்கொள்வோம். அந்த 'வேணாம்' என்கிற ஒரு சொல்லுக்குத்தான் துணிச்சல் அதிகம் தேவை.