மணப்பாறைச் சந்தையில் ஒரு நாள்



சந்தைக்குப் போவது நமக்குப் புதிதல்ல. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் நாம். ஆனால் மாட்டுச் சந்தை என்றதும் "அது ஆம்பிளைங்க போற இடம்" என்று ஒதுங்கி விடுகிறோம். இதில் உள்ள நியாயம் எனக்கு விளங்குவதே இல்லை. விடியுமுன் எழுந்து தொழுவம் கூட்டி, சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, மடி கழுவி, பால் கறந்து சொசைட்டியில் ஊற்றுவது யார்? பெரும்பாலான வீடுகளில் நாம்தானே! தினம் கறக்கப் போகிறவள் ஒருத்தி, மாட்டைப் பார்த்து வாங்கி வருகிறவர் வேறொருவர் என்றால் எப்படி? ஆகவே இந்த முறை கோயில் குளங்களைச் சற்று ஒத்தி வைத்துவிட்டு, உங்களை மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு அழைத்துப் போகிறேன்.

எதற்காகப் போனோம்?

என் நாத்தனார் தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் நெல் மூட்டை தூக்குகிற வேலையில் இருந்தவர். முதுகில் அடிபட்டதிலிருந்து பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெண்கள் இரண்டு பேர். பெரியவள் பிளஸ் டூ படிக்கிறாள். சீட்டு எடுத்த பணம் 25,000 ரூபாய், இரண்டு வளையலை அடகு வைத்தது 20,000 ரூபாய், ஆக 45,000 ரூபாயை முந்தானையில் முடிந்து கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு கறவை மாடு வாங்கிட்டா இவ காலேஜ் செலவைச் சமாளிச்சிடுவேன் அண்ணி. ஆனா மாடு ஏமாத்திடுச்சுன்னா வளையலும் போச்சு, படிப்பும் போச்சு" என்றாள்.

நம் ஊர் மாடு போதாதா என்று கேட்பீர்கள். நம் காவிரிக் கடைமடையின் சொந்த மாடு உம்பளாச்சேரி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் தலைஞாயிறுக்குப் பக்கத்தில் உள்ள ஊரின் பெயரே மாட்டுக்கும் பெயர். நெற்றியில் வெள்ளைப் பொட்டு, காலில் வெள்ளைக் காலுறை போட்டாற்போலிருக்கும். கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து, வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். முழங்கால் சேற்றில் ஏர் இழுக்க இதை மிஞ்சி ஒரு மாடு கிடையாது. ஆனால் பால் ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர்தான். வீட்டுக் குழந்தைகளுக்குப் போதும். சொசைட்டிக்கு ஊற்றிப் பிழைக்க முடியாது. அதனால்தான் கலப்பினப் பசு தேடி மணப்பாறைக்குப் புறப்பட்டோம்.

"நானே பார்த்து வாங்கிட்டு வரேன், நீங்க எதுக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான்தானே அண்ணே கறக்கப் போறேன்? என் கைக்கு ஒத்து வரணுமில்ல" என்றாள் அவர் தங்கை. அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை.

சந்தைக்குள்ளே

சந்தை வாரந்தோறும் செவ்வாயும் புதனுமாகக் கூடுகிறது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகிற வழியில் சுமார் 40 கிலோமீட்டரில் மணப்பாறை. ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. நாங்கள் புதன்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் தஞ்சாவூரில் பஸ் ஏறி, திருச்சியில் மாறி, நன்றாக வெளிச்சம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

1957-இல் வந்த 'மக்களைப் பெற்ற மகராசி' படத்தில் மருதகாசி எழுதிய பாட்டால் இந்த ஊர் மாட்டின் பெயர் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அந்தக் காலத்தில் உழவு மாட்டுக்கும் வண்டி மாட்டுக்கும்தான் பேர். டிராக்டர் வந்த பிறகு காளைகள் குறைந்து, கறவைப் பசுக்கள்தான் கண்ணுக்கு நிறையத் தெரிகின்றன.

ஒரு பக்கம் கொட்டு மாதிரி மாடுகள் கத்துகின்றன. இன்னொரு பக்கம் மூக்கணாங்கயிறு, தலைக்கயிறு, கழுத்து மணி, சலங்கை என்று வரிசையாகக் கடை போட்டிருக்கிறார்கள். சாணியும் வைக்கோலும் கலந்த வாசனை. டீக்கடையில் ஆவி பறக்கிறது. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போவது உத்தமம்!

ஒரு பெரியவர் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். "மேல் வாயிலே முன் பல்லே இல்லையே, விழுந்திடுச்சா?" என்று நான் மெல்லக் கேட்டேன். சிரித்துவிட்டு விளக்கினார். மாட்டுக்கு மேல் தாடையில் முன் பற்கள் எப்போதுமே கிடையாதாம். கீழே எட்டு. சுமார் 2 வயதில் பால் பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைக்கும். பிறகு ஜோடி ஜோடியாக வந்து 4, 5 வயதுக்குள் எட்டும் சேர்ந்துவிடும். 'நாலு பல்லு', 'ஆறு பல்லு' என்று சந்தையில் சொல்வது இந்த வயதுக் கணக்கைத்தான். கிழட்டு மாட்டை இளசு என்று சொல்லி விற்க முடியாதபடி பல் காட்டிக் கொடுத்துவிடும்.

துண்டுக்குள்ளே விலை

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவரும் தரகரும் கை கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அதுதான் தொகை. ஆயிரமா, நூறா என்பது பேச்சுப் போக்கில் அவர்களுக்குப் புரியும். முகத்தில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரிந்தால் போட்டி வரும், அடுத்த மாட்டின் விலையும் கெடும் என்பதற்காக வந்த வழக்கம்.

இதைப் பார்த்ததும் என் அக்கா மகள் சொன்ன கதை ஞாபகம் வந்தது. அவள் நெதர்லாந்தில் இருக்கிறாள். நம் நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை வைத்திருந்தார்களே, அந்த டச்சுக்காரர்களின் தேசம். அங்கே அல்க்மார் என்ற ஊரில் பாலாடைக் கட்டிக்கென்றே ஒரு சந்தை. சித்திரை முதல் புரட்டாசி வரை வெள்ளிக்கிழமைக் காலைகளில் நடக்கிறதாம். சக்கரம் போன்ற மஞ்சள் கட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வெள்ளை உடுப்பும் வண்ண நாடா கட்டிய வைக்கோல் தொப்பியுமாக இரண்டிரண்டு பேர் மரப் பல்லக்கு போன்ற ஒன்றில் கட்டிகளை ஏற்றி, அது ஆடாதபடி ஒரு தினுசான ஓட்ட நடையில் எடை போடும் மண்டபத்துக்குத் தூக்கிப் போவார்கள். 1593-லிருந்தே இந்தச் சுமை தூக்குவோருக்கு ஒரு சங்கம் இருக்கிறதாம்! அங்கேயும் கையால்தான் பேரம். ஆனால் துண்டு கிடையாது. விலையை உரக்கச் சொல்லி ஒருவர் கையில் ஒருவர் பளார் பளாரென்று தட்டுவார்கள். கடைசித் தட்டில் வியாபாரம் முடிந்துவிடும். இப்போது அது பெரும்பாலும் ஊர் பார்க்க வருகிறவர்களுக்காக நடத்திக் காட்டுவது. நிஜ வியாபாரம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. மணப்பாறை அப்படியல்ல. இங்கே துண்டுக்குள் நெரிபடுவது ஒவ்வொரு குடும்பத்தின் சேமிப்பு.

முதல் மாடு

முதலில் ஒரு கறுப்பு வெள்ளை மாட்டைத் தரகர் காட்டினார். மடி குடம் மாதிரி இருந்தது. "பன்னெண்டு லிட்டருக்குக் குறையாதும்மா" என்றார். என் வீட்டுக்காரர் துண்டுக்குள் கையை விடப் போய்விட்டார்.

நாத்தனார் சும்மா இருக்கவில்லை. "கொஞ்சம் இருங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று காம்பிலும் பால் சரியாக வந்தது. நாலாவது காம்பைத் தொட்டதும் மாடு காலை உதறியது. விரலால் தடவிப் பார்த்தாள். அந்தப் பக்கம் கெட்டியாகச் சூடாக இருந்தது. நான் வைத்திருந்த கறுப்புக் குடைத் துணியின் மேல் இரண்டு பீச்சு பீச்சினாள். வெள்ளையாகத் திரி திரியாக விழுந்தது. மடிநோய்!

"அது ராத்திரி வண்டியிலே வந்த அலுப்பும்மா, நாளைக்குச் சரியாயிடும்" என்றார் தரகர்.

"சரியான பிறகு வாங்கிக்கிறேங்க" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மடி பெரிதாக இருந்ததன் ரகசியத்தையும் அவளே சொன்னாள். சிலர் முதல் நாள் சாயங்காலம் கறக்காமல் விட்டுவிடுவார்களாம். பால் கட்டி மடி புடைத்துக்கொண்டு பார்வைக்கு லட்சணமாக இருக்கும். மாட்டுக்கோ உயிர் போகிற வலி.

இரண்டாவது மாடு

ஒன்பது மணி சுமாருக்கு வேப்ப மரத்தடியில் ஒரு செவலை நிற ஜெர்சிக் கலப்பைப் பார்த்தோம். ஆறு பல். இரண்டாம் ஈற்று. இருபது நாள் கிடேரிக் கன்று கூடவே நின்றது. பசு கன்றை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. இது முக்கியம். மடிக்குப் பொருத்தமாக வேறு கன்றைக் கட்டி வைத்து விற்பதும் உண்டாம். தன் கன்றைத்தான் பசு இப்படி நக்கும்.

மாட்டுக்காரரின் மனைவியும் வந்திருந்தாள். நாத்தனார் தரகரை விட்டுவிட்டு நேரே அவளிடம் போனாள்.

"எவ்வளவு கறக்கும்க்கா?"

"காலையிலே அஞ்சு, சாயந்தரம் மூணு. புண்ணாக்கைக் குறைச்சா பாலும் குறையும். இடி இடிச்சா மெரளும். வேற ஒரு குத்தமும் இல்லே."

"ஏன் விக்கிறீங்க?"

"பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. ஆபரேசன்னு சொல்லிட்டாங்க" என்று அவள் பசுவின் கழுத்தைத் தடவினாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எங்களுக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கறந்து பார்த்தாள், நாலு காம்பும் சுத்தம். பிறகு என் வீட்டுக்காரர் துண்டை எடுத்தார். அப்போதுதான் நாத்தனார் அந்த வார்த்தையைச் சொன்னாள். "அண்ணே, துண்டு வேணாம். என் வளையல் வச்ச காசு. எவ்வளவுன்னு என் காதிலே விழணும்."

தரகர் ஒரு நிமிஷம் திகைத்தார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாட்டுக்காரர் மனைவி மட்டும், "சொல்லுங்களேன், அவங்க கேக்கிறது நியாயந்தானே" என்றாள். 44,000-இல் ஆரம்பித்து, எல்லார் காதிலும் விழும்படி 40,500-க்கு முடிந்தது. தரகுக்கு 500. அவர்கள் பழைய கயிற்றைக் கழற்றிக்கொண்டார்கள். நாங்கள் புதுக் கயிறு மாட்டினோம். வல்லத்துக்குப் போகிற இன்னொருவரோடு சேர்ந்து வண்டி பிடித்ததில் எங்கள் பங்கு 3,500. மீதி 500-இல் கயிறும் மணியும் போக, மணப்பாறை முறுக்கு இரண்டு பொட்டலம்! 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு. அந்த ஊர்த் தண்ணீரின் லேசான உப்புதான் ருசிக்குக் காரணம் என்பார்கள்.

இது நடந்து நாலு மாதமாகிறது. மாடு சொன்ன சொல் தவறாமல் 8 லிட்டரை ஒட்டிக் கறக்கிறது. தீவனச் செலவு போகக் கையில் நிற்பது பாதிதான். ஆனாலும் ஒரு வளையல் திரும்பி வந்துவிட்டது.

மாடு வாங்கப் போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்

1. அவசரமில்லாதவர்கள் பழகின ஊரில், மூன்று வேளை தொடர்ந்து கறந்து பார்த்து வாங்குவதே மேல். சந்தையில் வாங்கினால் நாலு காம்பையும் நீங்களே கறந்து பாருங்கள். பாலைக் கறுப்புத் துணியில் பீச்சினால் திரிதல் உடனே தெரியும்.

2. காதில் 12 இலக்க எண்ணுள்ள தோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோமாரித் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட வேண்டும். காப்பீடும் செய்துவிடுங்கள்.

3. வண்டியில் வைக்கோல் பரப்பி ஏற்றுங்கள். இல்லாவிட்டால் வழுக்கி விழும். வீட்டில் வேறு மாடு இருந்தால் புது மாட்டை இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டுங்கள்.

4. நம் பக்கத்தில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெறும் வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிரப் பால் தராது. வரப்போரம் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் கொஞ்சம் நட்டு வையுங்கள். தாது உப்புக் கலவையும் கொடுங்கள். சொசைட்டியில் கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். தீவனத்தில் மிச்சம் பிடித்தால் அங்கே குறையும்.

5. 'கறந்த பால் சூடு ஆறுமுன் குடித்தால் உடம்புக்கு நல்லது' என்று பெரியவர்கள் சொல்லிக் குழந்தைக்குக் கொடுப்பதுண்டு. வேண்டாம். மாட்டிடமிருந்து காசநோய், விட்டு விட்டு வருகிற காய்ச்சல் இவையெல்லாம் பச்சைப் பால் வழியாகத் தொற்றும். நன்றாகப் பொங்கக் காய்ச்சிய பிறகே கொடுங்கள்.

6. இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பசு இருக்கிறதே என்று கைக்குழந்தைக்குப் பசும்பால் புகட்டாதீர்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்; ஒரு வயது வரை தாய்ப்பாலும் வேக வைத்த உணவும். கன்று போட்டதும் வருகிற சீம்பாலைக் கன்றுக்கு முதலில் விட வேண்டும் என்பதில் நாம் எவ்வளவு கண்டிப்பாக இருக்கிறோம்? நம் குழந்தைக்கும் அதே கண்டிப்பு வேண்டாமா?

உங்கள் ஊரிலும் ஏதாவது ஒரு கிழமையில் ஒரு சந்தை கூடுகிறதல்லவா? ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். விலையை வாய் விட்டுக் கேட்கவும் தயங்காதீர்கள்.