அடுத்த ஃபீச்சரைச் சேர்க்குறதுக்கு முன்னாடி

கம்பைலர் டிசைன் பேப்பர் முடிஞ்ச கையோட சொந்தமா ஒரு மொழி எழுத ஆரம்பிச்சவங்க உங்கள்ல நாலைந்து பேராவது இருப்பீங்க. லெக்ஸர், பார்சர் முடிஞ்சாச்சு. ‘இஃப்’, ‘வைல்’ ஓடுது. அடுத்து? கிளாஸ், க்ளோஷர், பேட்டர்ன் மேட்சிங்னு பட்டியல் நீளும். அந்தப் பட்டியலைக் கொஞ்ச நாள் ஓரமா வைங்கன்னுதான் நான் சொல்வேன்.

எந்த ஃபீச்சரும் தனியா வந்து உட்காராது. ஏற்கெனவே இருக்குற ஒவ்வொண்ணோடயும் உரசும். 10 ஃபீச்சர் இருந்தா 45 ஜோடி. பதினொண்ணாவது வந்தா இன்னும் 10 ஜோடியை யோசிக்கணும்.

எல்லாத்துக்கும் ஒரே விலையும் இல்ல. ‘ஃபார்’ லூப் மலிவு. பார்சர்லயே அதை ‘வைல்’ ஆக மாத்திட்டா பின்னாடி இருக்குற கோடைத் தொடவே வேணாம். க்ளோஷர் அப்படி இல்ல. ஃபங்ஷன் முடிஞ்சதும் ஸ்டாக்கை விட்டுப் போக வேண்டிய வேரியபிள், உள்ள பிறந்த ஃபங்ஷனுக்காக உயிரோட இருக்கணும். அதை ஹீப்புக்கு நகர்த்தணும். நகர்த்தினா, எப்போ விடுவிக்கிறதுங்கிற கேள்வி வரும்.

இப்போ ரெண்டையும் சேர்த்துப் பாருங்க. லூப் வேரியபிளை ஒரு க்ளோஷர் பிடிச்சுக்கிட்டா, சுத்துக்கு ஒரு வேரியபிளா, மொத்தத்துக்கும் ஒண்ணா? ‘மொத்தத்துக்கும் ஒண்ணு’ன்னு முடிவு பண்ணி 2012ல கோ 1.0 வந்துச்சு. அதனால வந்த பக்ஸ் கொஞ்சநஞ்சமில்ல. 2024ல, 1.22 பதிப்புலதான் அதை மாத்தினாங்க. அதே கோ மொழியில ஜெனரிக்ஸ் 2022 வரைக்கும் கிடையாது. அதுக்குள்ள டாக்கர், குபர்னெட்டிஸ் ரெண்டையும் அதுலயே எழுதிட்டாங்க.

“ஹாபிதானே, ஜாலிக்குத்தானே பண்றோம்?”னு கேட்பீங்க. நியாயம்தான். கத்துக்கத்தான் எழுதுறீங்கன்னா க்ளோஷர் எழுதிப் பார்க்குறதுல தப்பே இல்ல. ஆனா ஒம்பது ஃபீச்சரை அரைகுறையா விட்டா ஒம்பது டுட்டோரியல் பார்த்த மாதிரிதான். ஒண்ணு இன்னொண்ணோட மோதுற இடத்துலதான் பாடமே இருக்கு.

அதனால, முதல்ல உங்க மொழியிலயே 300 வரிக்கு ஒரு நிஜ புரோகிராம் எழுதுங்க. சிஜிபிஏ கணக்கோ, ஹாஸ்டல் மெஸ் பில் பிரிக்கிறதோ, எதுவா இருந்தாலும் சரி. எங்க திணறுறீங்களோ, அடுத்து சேர்க்க வேண்டியது அங்க இருக்கு. அநேகமா அது கிளாஸா இருக்காது. எந்த வரியில, என்ன தப்புன்னு ஒழுங்கா சொல்ற ஒரு எரர் மெசேஜாத்தான் இருக்கும்.