தொட்டிலருகே ஓர் ஒலிபரப்பு நிலையம்

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் பார்சல் அனுப்பும் உறவுகளே, இது உங்களுக்கான பதிவு.

அண்மையில் கற்பிட்டியில் உறவினர் வீட்டில் தங்கினேன். மூன்று மாதக் குழந்தையின் தொட்டிலருகே, கனடாவிலிருந்து சித்தப்பா அனுப்பிய கண்காணிப்புக் கருவி. குழந்தை உறங்குகையில் கருவி இரைந்தது. குழந்தை அழுகையில் மௌனம் சாதித்தது. "எங்கட ஊரில சிக்னல் சரியில்லை" என்றார்கள். அருகிலிருந்த ரவுட்டரை அடுத்த அறைக்கு மாற்றினோம், இரைச்சல் அடங்கியது.

ஊரின்மீது ஏன் பழி? 2.4 கிகாஹேட்ஸில் வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாமே நெருக்கியடிக்கின்றன. அங்கே ஒரே தடத்தில் நிற்கும் மலிவான கருவி திணறாமல் என்ன செய்யும்? தடம் மாறித் தாவும் கருவி ஓரளவு தப்பும். டெக்ட் வகை இன்னும் மேல். ஆனால், ஐரோப்பிய டெக்ட் இயங்குவது 1880–1900 மெகாஹேட்ஸில். வட அமெரிக்க டெக்ட் 1920–1930இல். பின்னது ஆசியாவின் பல நாடுகளில் கைப்பேசி வலையமைப்புக்குரிய இடம். நீங்கள் அன்போடு அனுப்புவது இங்கே அயலவரின் தொலைபேசிக்கு இடையூறாகலாம்.

இதே புத்தளம் மாவட்டத்தின் இரணவிலவில், அமெரிக்கக் குரல் வானொலியின் அஞ்சல் நிலையத்தை 1990களில் மீனவரும் கத்தோலிக்க மதகுருமாரும் எதிர்த்தார்கள். அவர்களது அச்சங்கள் அனைத்தும் விஞ்ஞானபூர்வமானவையா என்பது வேறு விவாதம். தங்கள் ஊருக்கு வரும் அலைகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அந்நிலையம் 2016இல் ஒலிபரப்பை நிறுத்தியது. நாமோ தொட்டிலருகே வைக்கும் ஒலிபரப்பியின் பெட்டியைக்கூட வாசிப்பதில்லை.

வாசித்தாலும் என்ன பயன்? நான் பார்த்த பெட்டிகளில் தமிழில் ஒரு வரி இல்லை. அதிர்வெண்ணை, நாங்கள் பள்ளியில் படித்த சொல்லில் மீடிறனை, தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடாத கருவியை விற்க விடக்கூடாது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதைக் கட்டாயமாக்கட்டும்.

அதுவரை, வாங்குவோர் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா? எந்த அதிர்வெண்? மின்சாரம் நின்றால் பற்றரியில் இயங்குமா? 2022இன் நீண்ட மின்வெட்டுகளை அனுபவித்தவர்களுக்கு மூன்றாவது கேள்வியின் அருமை புரியும்.

பார்சல் கட்டும் சித்தப்பாமாரே, இவற்றுக்கு விடை தெரியாவிட்டால் பணத்தை அனுப்புங்கள். இங்கே கேட்டு வாங்கிக்கொள்வார்கள்.