இரண்டு ஊரும் சேர்ந்து வாங்கினாலும்

தமிழகத்தில் லாட்டரி 2003-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் ராஜபாளையத்திலிருந்து செங்கோட்டை வழியாகப் போனால் கேரளம் பஸ் தூரம்தான். அங்கே அரசே நடத்தும் ஓணம் பம்பர் லாட்டரியின் ஆசை மலை தாண்டி வந்துகொண்டே இருக்கிறது. 2022-இல் 25 கோடி ரூபாய் முதல் பரிசுக்காக விற்ற சீட்டுகள் சுமார் 66 லட்சம். ஒரு சீட்டு 500 ரூபாய். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நகராட்சிகளின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி, சுமார் 2 லட்சம். அந்தச் சீட்டுகளில் கைக்குழந்தை உட்பட ஆளுக்கு ஒன்று வாங்கியிருந்தால் செலவு 10 கோடி. அப்போதும் முதல் பரிசு இவ்விரு ஊர்களில் ஒருவருக்கு விழும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்றுதான்.

யாருக்கோ விழத்தானே செய்கிறது, 2023-இல் திருப்பூர்க்காரர்களுக்கு விழவில்லையா என்பார்கள். விழுந்தது உண்மை. விழாத லட்சக்கணக்கானோரின் படம் பேப்பரில் வருவதில்லை, அவ்வளவுதான். முதல் பரிசிலும் வரி, கமிஷன் போகக் கைக்கு வருவது 25 கோடி அல்ல. இதைவிட மோசம், மூன்று இலக்க எண்ணை ஊகித்துப் பணம் கட்டும், திருட்டுத்தனமாக நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி. ஆயிரத்தில் ஒன்று என்பது எட்டிவிடும் தூரமாகத் தெரிவதால் தினமும் கை நீளுகிறது; நேற்று விழாத நம்பர் இன்று விழும் என்று கணக்குப் போடுகிறார்கள். நேற்றைய குலுக்கல் இன்றைய குலுக்கலை எந்த விதத்திலும் கட்டுப்படுத்தாது. மில் கூலியைக் கரைக்கும் இந்தச் சூதில் நம்பர் எழுதி வாங்குவோர் மீது காவல்துறை தயக்கமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும்.