குரலுக்கு இரண்டெழுத்து தந்தவர்

இலக்கிய ஆர்வலர்கள் கூடும் இடத்தில் பொறியாளர் ஒருவரின் வாழ்க்கைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கவிஞர்களின் கடிதங்களையும் நாவலாசிரியர்களின் நாட்குறிப்புகளையும் வரி வரியாக வாசிக்கும் நாம், பொறியாளர்களை வினாடி வினாவுக்கான ஒற்றை வரி விடைகளாக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஒற்றை வரி கூடக் கிடைக்காத ஒருவர் அலெக் ஹார்லி ரீவ்ஸ். இன்று உலகின் எந்த மூலையிலிருந்து எவர் பேசினாலும், அக்குரல் அவர் 1938இல் காகிதத்தில் எழுதிவைத்த முறையின் வழியேதான் பெரும்பாலும் பயணம் செய்கிறது. ஆயினும் அவரைப் போற்றுவதற்காக மட்டும் நாம் இதை எழுதவில்லை. அவரது வாழ்க்கையின் நடுவே ஓர் அறச்சிக்கல் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அவரைப் பேசுவது முறையன்று என்பதே நமது கருத்து.

ரீவ்ஸ் 1902இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். லண்டனில் பொறியியல் பயின்று, 1923இல் இண்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சேர்ந்தார். அட்லாண்டிக் கடலைக் கடந்து வானொலி வழியே தொலைபேசி உரையாடலை நிகழ்த்த முயன்ற தலைமுறை அது. பின்னர் பாரிசில் ஐ.டி.டி. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அங்கே அவரை வாட்டிய பகைவன் ஒன்றுதான்: இரைச்சல்.

கம்பியிலோ வானொலி அலையிலோ நெடுந்தொலைவு செல்லும் குரல் வழியில் மெலிந்துபோகும். இடையிடையே பெருக்கிகளை வைத்து அதை மீண்டும் வலுவாக்க வேண்டும். ஆனால் பெருக்கிக்குக் குரல் எது, இரைச்சல் எது என்று பகுத்தறியத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே பெருக்கும். அடுத்த நிலையம் தன் பங்குக்குச் சிறிது இரைச்சலைக் கூட்டும். இப்படிப் பத்து நிலையங்கள் தாண்டி வந்த குரல், பத்துக் கை மாறிப் பிரதி எடுக்கப்பட்ட ஓவியம் போலாகிவிடும். முதல் ஓவியனின் கோடு எது, ஏழாவது ஓவியனின் கைநடுக்கம் எது என்று பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது.

எழுத்து அப்படியன்று. ஏட்டுச்சுவடியில் மங்கிப்போன ஒரு ‘க’வைக் காணும் பிரதியாளர், அந்த மங்கலையும் சேர்த்து எழுதுவதில்லை. இன்ன எழுத்து என்று கண்டுகொண்டால் போதும், புத்தம்புதிய ‘க’ ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுவார். முந்தைய கையின் நடுக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. தவறாகக் கண்டுகொண்டால் பாடபேதம் பிறக்கும் என்பது உண்மைதான். ஆனால் எழுத்துகளின் எண்ணிக்கை குறையக் குறைய, ஒன்றை மற்றொன்றாக மயங்கும் வாய்ப்பும் குறையும். இரண்டே எழுத்துகள் இருந்தால்? ‘உண்டு’, ‘இல்லை’ என்பவை மட்டும் இருந்தால்?

ரீவ்ஸ் செய்தது இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் குரல் அலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணைத் துடிப்பு உண்டு, துடிப்பு இல்லை என்ற வரிசையாக அனுப்பிவிடலாம் என்றார். இடைநிலையம் குரலைப் பெருக்க வேண்டியதில்லை. துடிப்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்துப் புதிய துடிப்பை எழுதி அனுப்பினால் போதும். இரைச்சல் ஒவ்வொரு நிலையத்திலும் உதிர்ந்துவிடும். துடிப்புக் குறியீட்டுப் பண்பேற்றம் என்று நாம் தமிழில் சொல்லும் இந்த முறைக்கு அவர் 1938இல் பிரான்சில் காப்புரிமை கோரினார். தொடர்ந்து பிரிட்டனிலும், 1942இல் அமெரிக்காவிலும் காப்புரிமை கிடைத்தது. பிற்காலத்தில் நிலைபெற்ற தொலைபேசித் தரத்தில் குரல் நொடிக்கு 8,000 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 8 குறிகள் என, மொத்தம் நொடிக்கு 64,000 குறிகள்.

இவ்வெண்ணம் அவருக்கு மட்டுமே தோன்றியதென்று சொல்வது மிகை. அமெரிக்காவின் பால் ரெய்னி 1926இலேயே, படங்களைத் தந்தி வழியே அனுப்புவதற்கு இதையொத்த ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. குரலை இவ்வாறு அனுப்ப வேண்டியதன் காரணத்தை, அதாவது இரைச்சலை வெல்லும் வழி இதுவென்பதை, முழுமையாகக் கண்டவர் ரீவ்ஸ். ‘இரைச்சலை எப்படிக் குறைப்பது’ என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, ‘இரைச்சல் தீண்ட முடியாத வடிவில் குரலை எப்படி எழுதுவது’ என்று அவர் கேட்டார். கேள்வியை மாற்றியமைத்ததே அவரது மேதைமை என்று நாம் கருதுகிறோம்.

விடை கிடைத்தும் பயன் கிடைக்கவில்லை. அன்றைய வால்வுகளைக் கொண்டு இதைச் செய்வது பெருஞ்செலவு. போர்க்காலத்தில் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே தலைவர்கள் மறைவாகப் பேசுவதற்காக பெல் ஆய்வுக்கூடம் அமைத்து 1943இல் இயங்கத் தொடங்கிய சிக்சாலி என்ற கருவி இம்முறையைப் பயன்படுத்தியது. அதன் ஒவ்வொரு முனையமும் 50 டன்னுக்கும் மேல் எடை கொண்டது. டிரான்சிஸ்டர் 1947இன் இறுதியில்தான் பிறந்தது. பொதுமக்களின் தொலைபேசிக்கு இம்முறையை அமெரிக்காவில் கொண்டுவந்த டி1 அமைப்பு 1962இல் வந்தது. ரீவ்ஸின் அமெரிக்கக் காப்புரிமைக்கு ஆயுள் 17 ஆண்டுகள். அது 1959லேயே முடிந்துவிட்டது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

இவ்விடத்தில் கதையை நிறுத்தி, ‘காலத்துக்கு முந்திப் பிறந்த மேதை’ என்று ஒரு பெருமூச்சு விட்டால் கட்டுரை இனிமையாக முடிந்துவிடும். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஏனெனில் 1940இல் ஜெர்மானியப் படை பாரிசை நெருங்க, இங்கிலாந்துக்குத் தப்பி வந்த ரீவ்ஸ் அடுத்துச் செய்தது, உடனே பயன் தந்தது.

போரை வெறுத்தவர் அவர். தாக்குதல் கருவிகளில் கைவைக்கத் தயங்கியவர். ஆனால் அன்றைய பிரிட்டிஷ் குண்டுவீச்சின் நிலை வேறொன்றைச் சொன்னது. 1941இல் வெளியான பட் அறிக்கை, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து 5 மைலுக்குள் சென்றிருந்தது என்று காட்டியது. மற்றவை இருளில் எங்கெங்கோ கொட்டின. குறி துல்லியமானால் ஆலை மட்டும் அழியும், அக்கம்பக்கத்தார் பிழைப்பர் என்று ரீவ்ஸ் தமக்குள் கணக்கிட்டார். ஃபிராங்க் ஜோன்சுடன் சேர்ந்து ‘ஓபோ’ என்ற வழிகாட்டு முறையை உருவாக்கினார்.

அதன் அமைப்பு எளிமையானது. கயிற்றில் கட்டிய மாடு முளையைச் சுற்றி வட்டமிடுவதுபோல, விமானம் ஒரு தரைநிலையத்திலிருந்து மாறாத தொலைவில் ஒரு வளைகோட்டில் பறக்கும். கோடு தவறாதவரை விமானியின் காதில் ஒரே சீரான ஒலி கேட்கும். ஓபோ என்ற ஊதுகருவியின் ஒலியை அது ஒத்திருந்ததால் அந்தப் பெயர் வந்தது. இரண்டாவது நிலையம் தன்னிடமிருந்து விமானத்துக்குள்ள தூரத்தை அளந்து, குண்டை விடும் நொடியை அறிவிக்கும். 1942 டிசம்பரில் முதன்முதலாகப் பயன்பட்டபோது, அக்காலத்தில் அதற்கு இணையான துல்லியம் கொண்ட முறை வேறில்லை.

ஆனால் ஓர் இணை நிலையங்கள் ஒரு நேரத்தில் ஒரு விமானத்துக்கு மட்டுமே வழிகாட்ட முடியும். ஆகவே படைத்தலைமை இக்கருவியை இலக்கைக் குறிப்பதற்குப் பயன்படுத்தியது. ஓபோ பொருத்திய சில மொஸ்கிட்டோ விமானங்கள் வண்ண விளக்குக் குண்டுகளைத் துல்லியமாகப் போட, பின்னால் வந்த நூற்றுக்கணக்கான கனரக விமானங்கள் அந்த வெளிச்சத்தின் மீது கொட்டின. 1943 மார்ச்சில் எஸ்ஸன் நகரின் மீது 400க்கும் மேற்பட்ட விமானங்கள் இவ்வாறு பாய்ந்தன. க்ரூப் ஆயுத ஆலை பலத்த சேதமடைந்தது. நகரமும் எரிந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ரூர் பகுதி முழுவதும் தொடர்ந்து நிகழ்ந்தது இதுவே.

ரீவ்ஸின் கணக்கு அவரது கருவியளவில் சரி. அந்தக் கருவி சேர்ந்த படையின் நோக்கம் அக்கணக்கில் இல்லை. ஊசியைச் செய்தவர் தையலை எண்ணிச் செய்தார். ஊசி போய்ச் சேர்ந்த கை வேறொன்றை எண்ணியது. இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஹிட்லரின் படை எதிரே நின்ற காலத்தில், கைகட்டி நிற்பதும் ஒரு தேர்வுதான், அதற்கும் பலிகள் உண்டு. துல்லியம் என்பது தன்னளவில் அறமாகிவிடும் என்ற நம்பிக்கையைத்தான் நாம் மறுக்கிறோம். இன்றும் ஒவ்வொரு புதிய ஆயுதமும் இதே வாதத்தோடுதான் சந்தைக்கு வருகிறது.

வரலாறு இதன் மறுபக்கத்தையும் எழுதிவைத்திருக்கிறது. 1945 ஏப்ரல் இறுதியில், பட்டினியில் வாடிய நெதர்லாந்து மக்களுக்கு வானிலிருந்து உணவுப் பொதிகள் போடப்பட்டன. போட வேண்டிய இடங்களைக் குறித்துக் காட்டியவை அதே ஓபோ பொருத்திய மொஸ்கிட்டோ விமானங்கள். கருவி மாறவில்லை. பின்னால் வந்த விமானங்களின் வயிற்றில் இருந்த பொருள்தான் மாறியது.

போருக்குப் பின் ரீவ்ஸ் எஸ்.டி.எல். ஆய்வுக்கூடத்தில் எதிர்காலத் தொடர்பு முறைகளை ஆராய்ந்தார். ஒளியின் வழியே செய்தி அனுப்பும் முயற்சிக்கு அவர் அங்கே ஊக்கம் தந்தார். அக்கூடத்திலிருந்துதான் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் 1966இல் ஒளியிழை பற்றிய தங்கள் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். காவ் 2009இல் நோபல் பரிசு பெற்றார். ரீவ்ஸுக்குக் கிடைத்தது 1969இல் ஓர் அரசு விருதும், அவரது கண்டுபிடிப்பைச் சிறப்பித்த ஓர் அஞ்சல் தலையும். ஓய்வு நேரத்தில் அவர் சிறை மீண்டோருக்கு மறுவாழ்வு தேடித் தந்தார், இளைஞர்களுக்குத் துணை நின்றார். ஆவியுலகிலும் புலன்கடந்த ஆற்றலிலும் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டிருந்தார். 1971இல் மறைந்தார்.

இத்தனை முரண்களும் ஒரு கவிஞனிடம் இருந்திருந்தால், இந்நேரம் நான்கு வாழ்க்கை வரலாறுகளை வாசித்து நாம் விவாதித்திருப்போம். பொறியாளர் என்பதாலேயே ரீவ்ஸைக் காப்புரிமை எண்ணாகச் சுருக்கிவிடுகிறோம். அவர் குரலை உண்டு, இல்லை என்ற இரண்டெழுத்துக்குள் அடக்கியது கம்பிக்குப் போதுமானது. மனிதர்களை, அவரையும் சேர்த்து, அவ்விரண்டெழுத்தில் எழுதிவிட முடியாது. அதற்கு நீண்ட உரைநடை வேண்டும். அதை எழுதுவது இலக்கியம் அறிந்தவர்களின் கடமை என்றே நாம் எண்ணுகிறோம்.